ரெமிஜியஸ் எழுதிய நிற விதிகள்

நீடாமங்கலத்தில் பத்திரம் எழுதும் நடராசனின் கடையில் ரெமிஜியஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது. அந்த வேலைக்கு அவன் ஆசைப்பட்டு வரவில்லை. முந்தின வருடம்தான் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு உதவியாளராகத் தேர்வு எழுதித் தேறியிருந்தான். மாதாகோயில் தெருவில் அந்தச் செய்தி பரவாத வீடு இல்லை. அப்பா ஆசீர்வாதம் நன்றிப் பூசைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பாக்கி இருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான்.

திருச்சியில் நடந்த அந்தப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள்.

"என்ன நம்பர் தெரியுது?"

"பன்னெண்டு சார்."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார்.

"மூணு."

"நல்லா பாத்துச் சொல்லு."

"மூணுதான் சார்."

மற்றவர்கள் கண்ணுக்கு அது எட்டு. அடுத்த பக்கங்களில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. புள்ளிகள் மட்டும் தெரிந்தன. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் காணும் திறன் அவன் கண்ணில் பிறவியிலேயே குறைவு என்று டாக்டர் தாளில் எழுதினார். அதிலும் சிவப்பு அவனுக்குக் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும் என்றார். இதற்கு மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

வீட்டில் வந்து சொன்னதும் ஆசீர்வாதம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "நாத்தங்கால்ல ஒரு மூல பழுத்துருக்கு, போய்ப் பாருன்னா எந்த மூலன்னு திரும்பி வந்து கேப்பியே, அது இதானா?" என்றார். அவ்வளவுதான். வெளியில் கேட்டவர்களிடம் சான்றிதழில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டார். கண்ணில் குறை என்று ஊரில் பேச்சு கிளம்பினால் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்பது அவர் கவலை. ரெமிஜியஸும் அதையே சொல்லப் பழகிக்கொண்டான். ஒரு பொய்யைப் பல வருடம் சொன்னால் அது சட்டைப்பையில் கிடக்கும் சாவி மாதிரி ஆகிவிடுகிறது. கனமே தெரிவதில்லை.

கல்யாணமான பிறகு மனைவி ஜூலியட்டுக்கு மட்டும் தெரிந்தது. ரசத்துக்குப் பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னாள். பையில் பாதி காயாக இருந்தது. "கடைக்காரன் ஏமாத்திட்டானா, இல்ல உங்களுக்கே தெரியலையா?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தக்காளியை அவளே வாங்கினாள்.

நடராசனின் கடை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் சந்தில் இருந்தது. பத்துக்குப் பத்து அறை, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், சுவர் முழுக்கப் பழைய பத்திர நகல்களின் கட்டுகள். நடராசன் உரிமம் வாங்கி இருபது வருடம் எழுதியவர். சொல்லச் சொல்ல ரெமிஜியஸ் தட்டச்சு செய்வான். மேற்படி, வகையறா, ஷரத்து, நஞ்சை, தாக்கல், ஜமாபந்தி என்று அந்தப் பாஷை ஆறு மாதத்தில் அவன் விரலுக்குப் பழகிவிட்டது.

புதுப் பத்திரத்தை யாரும் வெறும் தாளிலிருந்து தொடங்குவதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, பெயர்களையும் சர்வே எண்ணையும் பரப்பையும் நான்கெல்லையையும் மாற்றி வேறு பெயரில் சேமித்துக்கொள்வார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மாற்ற வேண்டியதில் ஒன்று விட்டுப்போனால், யாருடைய வாய்க்காலோ யாருடைய வயலுக்கோ வடக்கு எல்லையாகப் போய் உட்கார்ந்துவிடும். அதற்காகவே நடராசன் ஒவ்வொரு வரைவையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பார். ஓரத்தில் எழுதியிருந்தால் ரெமிஜியஸுக்குச் சிரமமில்லை. சிவப்போ கறுப்போ, கையெழுத்து கையெழுத்தாகத் தெரியும். வரிக்குள்ளேயே திருத்தியிருந்தால் தாளைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பான். வெளிச்சம் போதவில்லை என்று நடராசன் நினைத்துக்கொள்வார்.

ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் அம்சம் என்ற பெண்மணி வந்தார்.

அம்சத்துக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் பெற்றோரும், அவர்களைப் பெற்றவர்களும் மற்றவர் வயலில் நட்டும் அறுத்தும் வாழ்ந்தவர்கள். அவருடைய மகன் வெளிநாட்டு வேலைக்குப் போய் அனுப்பியதைச் சேர்த்து, சாமிதுரை என்பவரிடம் ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, வாங்கினார். கோரையாற்றுப் பாசனத்தில் நல்ல மண். கிரயப் பத்திரம் நடராசன் கடையில்தான் எழுதப்பட்டது. பதிவான அன்று அம்சம் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது ரெமிஜியஸுக்கு நினைவிருந்தது.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். பட்டா மாற்றக் கேட்டுப் போட்ட மனு திரும்பி வந்திருந்தது. பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பரப்பும் பொருந்தவில்லை என்று அதில் கண்டிருந்தது.

ரெமிஜியஸ் பத்திர நகலை எடுத்தான். 118/3A என்றிருந்தது. அம்சம் உழுது நட்டிருந்த வயல் 118/3B. இரண்டுமே சாமிதுரையின் பெயரில் இருந்த வயல்கள் என்பதால் பதிவின்போது யாருக்கும் உறுத்தவில்லை.

"குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனேன்" என்றார் அம்சம். "சிட்டா கேட்டாங்க. எந்த வயல்ல என்ன பயிருன்னு அடங்கல் கேட்டாங்க. ரெண்டும் சாமிதுரை ஐயா பேருல இருக்கு. கடைசில அவரு பேருலதான் நெல்லு போட்டேன். நான் நட்டு, நான் களை எடுத்து, நான் அறுத்த நெல்லு. ரசீதுல எம் பேரு இல்ல."

அவர் குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று ரெமிஜியஸுக்குப் பட்டது.

நடராசன் பழைய கட்டைப் பிரித்து அந்தப் பத்திரத்தின் வரைவைத் தேடி எடுத்தார். சொத்து விவரப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நான் திருத்திக் குடுத்துருக்கேனேப்பா. A மேலயே B போட்டுருக்கேன், பாரு. இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு, எப்படி விட்ட?"

ரெமிஜியஸ் பார்த்தான். அவன் கண்ணுக்கு அங்கே கொஞ்சம் மை ஊறிய ஒரு A இருந்தது. அவசரத்தில் அன்று அவர் ஓரத்தில் எழுதாமல் எழுத்தின் மேலேயே எழுதியிருக்கிறார். தாளைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பேனா அழுத்திய பள்ளத்தில் B-யின் வளைவு தெரிந்தது.

"கவனிக்கல சார்" என்றான். காரணத்தைச் சொல்லவில்லை.

பிழையைச் சரிசெய்யத் திருத்தல் பத்திரம் ஒன்று பதிய வேண்டும். அதற்கு விற்றவரும் நேரில் வரவேண்டும். சாமிதுரை நிலத்தை விற்றுவிட்டுத் திருச்சியில் மகன் வீட்டோடு போய்த் தங்கியிருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு நடமாட்டம் குறைந்திருந்தது. தொலைபேசியில் கேட்டதற்கு, "எழுதிக் குடுத்தாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. திரும்ப எதுக்கு?" என்று வைத்துவிட்டார்.

ரெமிஜியஸ் அடுத்த நாளே ரயிலேறித் திருச்சிக்குப் போனான். சாமிதுரை நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் கடுத்தது.

"நான் ஏதோ வேற வயலக் காட்டி வித்துட்டேன்னு அந்தம்மா சொல்லுதா?"

"இல்லீங்க. அவங்க யாரையும் ஒரு வார்த்த சொல்லல. தப்பு எம்மேல. நம்பர மாத்தி அடிச்சது நான்தாங்க."

சாமிதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? நடராசன் இல்லையா?"

"அவரு சரியாத்தான் திருத்திக் குடுத்தாரு. நான் பாக்கத் தவறிட்டேன்."

"இத ஒத்துக்கிட்டுச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தியா?"

"உங்களக் கூட்டிட்டுப் போகவும் வந்தேங்க. கார் சொல்லியிருக்கேன். சாஞ்சு உக்கார தலகாணி போட்டுக்கலாம். சாயந்திரத்துக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்."

கிழவர் தொலைக்காட்சியை அணைத்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு வெள்ளை வேட்டியை எடுத்துவரச் சொன்னார். வழியில் வயல்களைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. எந்த மதகில் எப்போது தண்ணீர் ஏறும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சார்பதிவாளர் அலுவலக வாசலில் அம்சத்தைக் கண்டதும், "நம்மள இந்தப் புள்ள ரெண்டாவது தடவ கையெழுத்துப் போட வச்சுட்டான் பாரு" என்றார். அம்சம் சிரித்தார். அந்தச் சம்பா அறுவடைக்கு முன்பே பட்டா அவர் பெயருக்கு மாறியது.

அம்சத்தின் காரியம் முடிந்துவிட்டது. ரெமிஜியஸுக்கு முடியவில்லை. இதுவரை அடித்த பத்திரங்களில் இன்னும் எத்தனை A-க்கள் அப்படி உட்கார்ந்திருக்குமோ என்ற நினைப்பு சோற்றை அள்ளும்போதும் வந்தது. ஒவ்வொரு பத்திரத்தையும் நான்கு முறை படித்தான். வேலை மந்தமானது. வாசலில் ஆள் சேர்ந்தது. நடராசன் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் கடைக் கணினி ஒன்று படுத்துக்கொண்டது. கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் லியாகத் அலி வந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு கோப்பைத் திறந்து வரிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தான். திரையில் சில சொற்கள் தடித்தும் சில மங்கியும் சில கோடிட்டும் இருந்தன.

"பாய், இத நீங்க ஒவ்வொண்ணா தடிமன் பண்ணி வச்சிருக்கீங்களா?"

"நான் எங்க பண்றது? எடிட்டரே பண்ணுது. புரோகிராம் எழுதுறவங்களுக்கான எடிட்டர் இது. எது எண்ணு, எது பேரு, எது குறிப்புன்னு அதுக்கு விதி எழுதி வச்சிருக்காங்க. அடிக்க அடிக்க அதுவே பிரிச்சுக் காட்டும்."

"நம்ம பத்திரத்துக்கு அப்படி விதி இருக்கா?"

லியாகத் அலி சிரித்தார். "கிரயப் பத்திரத்துக்கு எவன் எழுதுவான்? வேணும்னா நீங்க எழுதுங்க. எடிட்டர் இலவசம்தான், போட்டு வச்சுட்டுப் போறேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ரெமிஜியஸ் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் ஒன்றரைக்கு மேல் சந்தில் கூட்டம் குறையும். நடராசன் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் ரெமிஜியஸ் ஒரு கையில் சோற்று டப்பாவும் மறு கையில் கணினிச் சுட்டியுமாக அந்த எடிட்டரின் உதவிப் பக்கங்களைப் படித்தான். பாதிக்கு மேல் புரியவில்லை. புரிந்ததை வைத்துத் தொடங்கினான்.

ஒரு விதியில் இரண்டே பாகம். எதைத் தேட வேண்டும் என்பது ஒன்று. கிடைத்ததற்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தப் பெயருக்கு எப்படிப்பட்ட தோற்றம் என்பதை வேறு கோப்பில் எழுத வேண்டும். முதல் விதியைச் சர்வே எண்ணுக்கு எழுதினான். ஓர் எண், ஒரு சாய்கோடு, இன்னோர் எண், அதை ஒட்டி ஒரு ஆங்கில எழுத்து இருந்தாலும் இருக்கலாம். சேமித்துவிட்டு ஒரு பழைய பத்திரத்தைத் திறந்தான். பக்கம் நெடுக சர்வே எண்கள் மட்டும் தடித்து எழுந்து நின்றன. சாப்பாட்டை மறந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறங்களை அவன் தொடவே இல்லை. தடித்த எழுத்து, அடிக்கோடு, சாய்வு, கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்து. இவைதான் அவனுடைய வண்ணப்பெட்டி.

இரண்டாவது விதியில் சறுக்கினான். நிலப்பரப்பைச் சொல்லும் 'மா' என்ற சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொன்னான். எடிட்டர் மாவட்டத்துக்குக் கோடு போட்டது. அம்மாவுக்குக் கோடு போட்டது. மாரியம்மன் கோயில் வந்த இரண்டு இடத்திலும் போட்டது. சொல் முடியும் இடத்தில் மட்டும் பார் என்று சொல்ல ஒரு குறி இருந்தது. அதைப் போட்டதும் இன்னும் மோசமானது. தமிழில் சொல் எங்கே முடிகிறது என்பது அந்த எடிட்டருக்குத் தெரியவில்லை. 'க' ஓர் எழுத்து என்று அதற்குத் தெரியும். அதன் மேல் வைத்த புள்ளியும், பக்கத்தில் போட்ட காலும், முன்னால் நிற்கும் கொம்பும் எழுத்தைச் சேர்ந்தவை என்று தெரியாது. சொல்லை நடுவில் வெட்டிவிட்டு, முடிந்துவிட்டது என்றது. மூன்று வாரம் அவன் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் அந்தக் குறியையே விட்டுவிட்டு, முன்னால் ஓர் எண்ணோ 'ஒரு', 'அரை', 'கால்' என்ற சொல்லோ இருக்க வேண்டும், பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருக்க வேண்டும் என்று எழுதினான். மாவட்டத்திலிருந்து கோடு அகன்றது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஜூலியட்டிடம், "மாரியம்மன் பொழச்சுட்டா" என்றான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்ததை அவள் கண்டுகொண்டாள்.

மூன்றாவது விதி நான்கெல்லைக்கு; அது சிரமம் தரவில்லை. நான்காவது விதிதான் அவன் மனதிலிருந்த பயத்துக்கு நேரான பதில். சர்வே எண்ணைத் தடித்துக் காட்டினால் மட்டும் போதாது. தப்பான எண்ணும் அதே மாதிரி தடித்துத்தானே நிற்கும்? எடிட்டர் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறது என்பதை அவன் படித்திருந்தான். அதைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பத்திரம் தொடங்கும்போதும் பட்டாவைப் பார்த்து, அந்தப் பத்திரத்துக்குச் சேர்ந்த எண்களை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதியில் எழுதிக்கொள்வான். அவை தடித்து நிற்கும். சர்வே எண் மாதிரி இருக்கிற வேறு எதுவும் அடுத்த விதிக்குப் போய்க் கறுப்புக் கட்டத்துக்குள் விழும். பெயர்களுக்கும் அப்படியே செய்தான். மகன், மகள், மனைவி என்ற சொற்களுக்கு முன்னால் வரும் பெயர் இந்தப் பத்திரத்தின் ஆளாக இல்லையென்றால் கட்டம் விழும். பழைய பத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணுக்கும் பெயருக்கும் அவன் 'விருந்தாளி' என்று பெயரிட்டான். கோப்பிலும் அந்த விதிக்கு அதுவே பெயர்.

நடராசன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "முப்பது வருசமா கண்ணால படிச்சுத்தான் எழுதுறேன். மிஷினு கட்டம் போட்டா மட்டும் போதுமா?"

"அது தப்பா சரியான்னு சொல்லாது சார். இங்க பாருன்னு மட்டும் சொல்லும். படிக்கிறது நாமதான்."

"என்னமோ செய். ஆனா அச்செடுத்து எங்கிட்டக் காட்டாம ஒண்ணும் வெளில போகக்கூடாது."

அடுத்த ஆனி மாதம், அண்ணன் தம்பி நான்கு பேர் பாகப்பிரிவினைக்கு வந்தார்கள். ஏழு வயல், ஒரு களம், ஒரு வீடு. மூலப்பத்திரத்தைப் பார்த்து நடராசன் சொல்லச் சொல்ல ரெமிஜியஸ் அடித்தான். இரண்டாவது தம்பியின் பங்கில் கறுப்புக் கட்டம் ஒன்று விழுந்தது. 46/1.

"சார், இது விருந்தாளி."

"என்னது?"

"பட்டாவுல 64/1 இருக்கு. நீங்க 46/1ன்னு சொன்னீங்க."

"நானா சொல்றேன்? மூலப்பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. நீயே பாரு."

உண்மைதான். மூலப்பத்திரத்திலேயே எண் தலைகீழாக இருந்தது. பழைய தட்டச்சு இயந்திரத்தில் அடித்த தாள், ஓரம் பழுப்பேறியிருந்தது. ரெமிஜியஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். எழுதியவர் கையெழுத்து இருக்கும் இடத்தில், இளமைக்கால வளைவுகளோடு நடராசனின் கையெழுத்து இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தினது.

மூத்த அண்ணன், "ஏதும் சிக்கலாங்க?" என்று கேட்டார்.

நடராசன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "சிக்கல் இல்ல. என்னோட பழைய தப்பு ஒண்ணு ஆப்புட்டுக்கிச்சு. இதோட சேத்துச் சரி பண்ணிக் குடுத்துடறேன்" என்றார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்தத் தாளையே புரட்டிக்கொண்டிருந்தார். சாயந்திரம் கிளம்பும்போது, "ரெமி, அந்தக் கட்டம் போடுறத என் மிஷின்லயும் போட்டு வை" என்றார்.

வேலை கூடியது. கடைக்கு மூன்றாவது கணினி வாங்கினார்கள், ஜெயபாரதி என்ற பெண் தட்டச்சுக்கு வந்தாள். கணினிப் படிப்பு முடித்தவள், கை வேகம், வாய் அதைவிட வேகம். முதல் நாளே ரெமிஜியஸின் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி கறுப்புக் கறுப்பா கட்டம் கட்டி வச்சிருக்கீங்க? விதியெல்லாம் பிரமாதமா எழுதியிருக்கீங்க. கலர் குடுங்கண்ணே. சர்வே நம்பருக்கு ஒண்ணு, எல்லைக்கு ஒண்ணு. தப்பா இருந்தா செவப்பு. பாத்த உடனே தெரியுமுல்ல?"

"இருக்கட்டும்மா. இதுவே போதும்."

"போதாதுண்ணே. எனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது. ரெண்டு நிமிசம், நான் மாத்திக் காட்டறேன்." அவன் தடுப்பதற்குள் அவள் கோப்பைத் திறந்து மாற்றிவிட்டாள். "இப்ப பாருங்க. எப்படி இருக்கு?"

ரெமிஜியஸ் பார்த்தான். கட்டங்கள் போய்விட்டன. திரை முழுக்க மங்கலும் அடர்த்தியுமாக எழுத்துகள். இதில் தப்பைக் காட்டும் சிவப்பு எது, சாதாரணக் கறுப்பு எது? பல வருடத்துக்கு முன்பு திருச்சியில் புள்ளிப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது போலவே இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. அடுத்த பத்திரத்தில் அந்தச் சிவப்பு எங்கே நிற்கும் என்று நினைத்தான். ஒரு மா நிலத்துக்காக வந்து நின்ற அம்சத்தின் முகம் நினைவுக்கு வந்தது.

"எனக்கு அந்தச் செவப்பு தெரியலம்மா" என்றான்.

"கொஞ்சம் டார்க்கா வைக்கவா?"

"எவ்வளவு வச்சாலும் தெரியாது. எங்கண்ணு அப்படி. செவப்பு எனக்குக் கறுப்பு மாதிரிதான் இருக்கும். பொறவியிலேருந்தே."

பக்கத்து மேசையில் நடராசனின் பேனா நின்றது. ரெமிஜியஸ் அவர் பக்கம் திரும்பினான். "அம்சம்மா பத்திரத்துல நீங்க போட்ட B எனக்குத் தெரியல சார். கவனக்குறைவு இல்ல. தெரியவே இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொன்னா வேலைக்கு ஆகமாட்டேன்னு நெனச்சுருவீங்களோன்னு பயந்துட்டேன். ரயில்வே வேலையும் இதாலதான் போச்சு. சர்ட்டிபிகேட் கோளாறுன்னு சொன்னது பொய்."

நடராசன் பேனாவை மூடினார், திறந்தார், அதையே பார்த்தார்.

"பன்னெண்டு வருசமா செவப்பு மையால திருத்திக் குடுத்துட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "சன்னலுக்கு ஓடுவியே, வெளிச்சத்துக்குன்னு நெனச்சேன். டியூப்லைட்ட வேற மாத்துனேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா பேனாவ மாத்தியிருப்பேனேப்பா. அது ஒண்ணும் பெரிய காரியமில்லியே."

அவர் கோபத்தோடு சொல்லியிருந்தால் ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பான். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. ஜெயபாரதி தோற்றக் கோப்பை மறுபடி திறந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "அண்ணே, விதியும் தோற்றமும் வேற வேற கோப்புலதானே இருக்கு? விதி ஒண்ணே இருக்கட்டும். தோற்றம் மட்டும் உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு வச்சுக்கலாமே. அவங்கவங்க மிஷின்ல அவங்கவங்க கோப்பு."

அன்று மதியமே செய்தார்கள். ரெமிஜியஸின் கணினியில் கட்டங்கள் திரும்பி வந்தன. அவளுடையதில் வண்ணங்கள் இருந்தன. புது விதி எழுதினால் இரண்டு திரையிலும் வேலை செய்தது. நடராசன் நீலப் பேனாவுக்கு மாறினார். பழக்கதோஷத்தில் சிவப்பை எடுத்த நாட்களில் ஜெயபாரதி அதட்டினாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஆசீர்வாதம் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார். "சொல்லிட்டியா? என்ன சொன்னாரு?"

"பேனாவ மாத்திட்டாருப்பா."

கிழவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். நான்தான் உன்னை மறைக்கச் சொல்லிவிட்டேன் என்று ஏதோ தொடங்கி, முடிக்காமல் விட்டார். ஜூலியட் உள்ளேயிருந்து, "மாமா, காப்பி ஆறுது" என்று குரல் கொடுத்தாள்.

லியாகத் அலி தான் வேலைக்குப் போகும் கடைகளிலெல்லாம் அந்த விதிகளைப் போட்டுக் கொடுத்தார். மன்னார்குடியில் இரண்டு கடை, வலங்கைமானில் ஒன்று. பிறகு திருப்பனந்தாளில் அவருடைய தங்கை மகள் சபிஹா நடத்தும் தட்டச்சுக் கடை. கேட்டவர்களுக்கெல்லாம் ரெமிஜியஸ் கோப்பை அனுப்பினான். இரண்டு தோற்றங்களையும் சேர்த்தே அனுப்பினான். கறுப்புக் கட்டங்கள் உள்ள கோப்பு எதற்கு என்று கேட்டவர்களிடம், "எனக்குச் செவப்பு தெரியாதுங்க, அதுக்காக வச்சது" என்று சாதாரணமாகச் சொன்னான். வலங்கைமானில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கி, தனக்கும் அப்படித்தான் என்றார்.

போன வாரம் ஒரு காலைப்பொழுது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் நடராசன் இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். சபிஹா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, எனக்கு இங்க வீட்டுப் பத்திரந்தான் அதிகம் வருது. கதவு எண் 12/3A-ன்னு வந்தா அதையும் சர்வே நம்பர்னு நெனச்சுக் கட்டம் கட்டுது. ஒரு பத்திரத்துல ஒம்பது கட்டம். கஸ்டமர் பயந்துட்டாரு."

ரெமிஜியஸ் சிரித்துவிட்டான். "அத நான் யோசிக்கவே இல்லம்மா. நமக்கு வர்றது அனேகமா வயலு. நாலஞ்சு பத்திரம் அனுப்பு, பேரெல்லாம் எடுத்துட்டு."

அனுப்பினாள். முன்னால் 'கதவு எண்' என்று இருந்தால் விட்டுவிடு என்று ஒரு விதியைச் சர்வே எண்ணுக்கு மேலே எழுதினான். எட்டுக் கட்டங்கள் மறைந்தன. ஒன்று மட்டும் அசையாமல் நின்றது. உற்றுப் பார்த்தான். அந்த வரியில் யாரோ 'க.எண்' என்று சுருக்கி அடித்திருந்தார்கள்.

"அண்ணே, முதல்ல இவங்கள அனுப்பிடலாமா?" என்றாள் ஜெயபாரதி, வாசலைக் காட்டி.

"ஒரே ஒரு வரி. உள்ள வந்து உக்காரச் சொல்லு" என்றபடி ரெமிஜியஸ் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டான்.